பேக்-12: கலைகிற வருஷத்தில்தான் இவ்வளவு நல்ல ஆட்டமா?

2023 செப்டம்பர் 10 | டெக்ஸாஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலை இரண்டு வருஷமாகத்தான் பார்க்கிறேன். பேக்-12 என்கிற மேற்குப் பக்கத்துக் காலேஜ்களின் கான்ஃபரன்ஸில் (கூட்டமைப்பில்) இருக்கும் டீம்கள் பன்னிரண்டும் சேர்ந்து இந்த சீசனை 13-0 என்று தொடங்கின. இன்றைய ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) தரவரிசையில் முதல் 25-க்குள் எட்டு டீம் இவர்களுடையது. அடுத்த வருஷம் இந்த கான்ஃபரன்ஸே இருக்காது என்றும் சொல்கிறார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் எதற்காகப் பிரிகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 10, இரவு

நான் வாஷிங்டன் மாநிலத்துப் புல்மனில் படித்தவள், வாஷிங்டன் ஸ்டேட் காலேஜ், அதுவும் பேக்-12 தான். நேற்று அங்கேதான் இருந்தேன். விஸ்கான்சினை 31-22 என்று ஜெயித்தோம். முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். விஸ்கான்சின் ஆடுவது பிக் டென் என்கிற இன்னொரு கான்ஃபரன்ஸில். எங்களை வேண்டாம் என்ற அதே பிக் டென். தொண்டை கட்டிப்போய் இன்று பேச்சே வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 2022 ஜூன் 30-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ்களான யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. பிக் டென்னின் டிவி ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டால் பேக்-12-ஐ எந்த டிவிக்காரன் அந்த விலைக்கு வாங்குவான்? ஒரு வருஷம் இழுத்தார்கள். இந்த ஜூலை 27 அன்று கொலராடோ பிக் 12 என்கிற வேறொரு கான்ஃபரன்ஸுக்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து: ஆரிகனும் வாஷிங்டனும் (சியாட்டிலில் இருப்பது, எங்கள் வாஷிங்டன் ஸ்டேட் வேறு) பிக் டென்னுக்கு, அரிசோனாவும் அரிசோனா ஸ்டேட்டும் யூட்டாவும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கால் பெர்க்லியும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்துகொண்டன. பசிபிக் கரையில் உட்கார்ந்துகொண்டு அட்லாண்டிக் கரை லீகில்.

மிச்சம் இரண்டு பேர். நாங்களும் ஆரிகன் ஸ்டேட்டும்.

என்னைக் கேட்டால் குற்றவாளி யூஎஸ்சிதான். 1916-இல் தொடங்கிய வீட்டைக் காசுக்காக இடித்தார்கள்.

செப்டம்பர் 12

திருத்தம். ஒருவர் தனிச்செய்தியில் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னது சரி. பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற பெயரில் போர்ட்லாந்தில் கூடி இதை ஆரம்பித்தது 1915 டிசம்பரில். ஆட்டங்கள்தான் 1916-இல் தொடங்கின.

செப்டம்பர் 24

நேற்று ஆரிகன் ஸ்டேட்டை 38-35 என்று ஜெயித்தோம். யாரும் கூட்டிக்கொண்டு போகாத இரண்டு பேரும் தோற்காமல் வந்து மோதிய ஆட்டம். எங்கள் க்வார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) கேம் வார்டு பந்தை எறிந்த விதத்தைப் பற்றி நாளெல்லாம் எழுதலாம். எதிரி கையை நீட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறான், இவர் இடது காலில் ஒரு அடி நகர்ந்து, கை தோளுக்கு மேலே போகாமலே பக்கவாட்டில் சுண்டிவிடுகிறார். பந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் எறிந்ததே நமக்குத் தெரிகிறது.

எனக்கு நிலைத்து நின்றது வேறு ஒன்று. எங்கள் வரிசையில் ஆரஞ்சு சட்டை போட்ட ஒரு வயதான தம்பதி, ஆரிகன் ஸ்டேட்டின் ஊரான கோர்வாலிஸிலிருந்து கார் ஓட்டி வந்தவர்கள். இடைவேளையில் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு ஊரும் ஒரே மாதிரி: நிலம் கொடுத்து அரசு தொடங்கிய விவசாயக் காலேஜ், சின்ன ஊர், பக்கத்தில் பெரிய டிவி சந்தை கிடையாது. ஆட்டம் முடிந்ததும் தோற்ற அவர்கள் எனக்குக் கைகொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் நீங்கள் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்றார்கள். அந்த அடுத்த வருஷம் யார் யாரோடு ஆடுவார்கள் என்று அந்த அரங்கத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.

செப்டம்பர் 25

"அக்கா, கான்ஃபரன்ஸ் என்றால் என்ன, ஐபிஎல் மாதிரி லீகா?" என்று கேட்ட தம்பிக்கு. முழுக்க அப்படி இல்லை. அக்கம்பக்கத்துக் காலேஜ்கள் சேர்ந்து, எங்களுக்குள் வருஷா வருஷம் ஆடிக்கொள்வோம், டிவி பணத்தைப் பங்கிட்டுக்கொள்வோம் என்று வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஃபுட்பால் மட்டுமில்லை, வாலிபால், நீச்சல், ஓட்டம் எல்லாம் இதற்குள் வரும். பேக்-12-இல் டிவிஷன், அதாவது உட்பிரிவு, கிடையாது. ஒவ்வொரு டீமும் உள்ளுக்குள் ஒன்பது ஆட்டம் ஆடும், முதல் இரண்டு இடக்காரர்கள் லாஸ் வேகஸில் இறுதி ஆட்டம் ஆடுவார்கள். அதற்கு மேலே, இந்த 2023 சீசன் வரைக்கும், நாடு முழுவதிலிருந்தும் நான்கே டீம் தேசிய ப்ளேஆஃபுக்குப் போகும். 2016-இல் வாஷிங்டன் போனதற்குப் பிறகு நம் பக்கத்திலிருந்து ஒருவரும் அந்த நாலில் இல்லை.

அக்டோபர் 15

இரண்டு நாளில் மூன்று ஆட்டம். தனித்தனியாகச் சொல்கிறேன்.

வெள்ளி ராத்திரி கொலராடோ, டியன் சாண்டர்ஸ் பயிற்சி கொடுக்கும் டீம், சொந்த ஊரில் பாதி ஆட்டம் முடியும்போது ஸ்டான்ஃபோர்டை 29-0 என்று வைத்திருந்தது. நான் டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் இரண்டாவது ஓவர்டைமில் ஸ்டான்ஃபோர்டு 46-43. இந்த மேற்குக்கரை ராத்திரி ஆட்டங்களின் சாபமே அதுதான். நியூயார்க்கில் மணி பத்துக்கு மேல் தொடங்கும், தரவரிசைக்கு ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள். எத்தனை நல்ல ஆட்டம் இப்படி யாரும் பார்க்காமல் போனது!

சனிக்கிழமை சியாட்டிலில் வாஷிங்டன் 36, ஆரிகன் 33. இரண்டுமே தோற்காமல் வந்த டீம்கள். ஆரிகன் கோச் டான் லானிங் நாலாவது டவுனில், அதாவது தவறினால் பந்து எதிரிக்குப் போய்விடும் கடைசி முயற்சியில், உதைக்காமல் துணிந்து ஆடவிட்டார், மூன்று முறையும் கைகூடவில்லை. கடைசியாக ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது வாஷிங்டன் பக்கம் 47-ஆவது யார்டில். அடுத்து பந்து கிடைத்ததும் வாஷிங்டனின் க்வார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் இரண்டே எறிதலில் ரோம் ஒடன்சேவுக்கு டச் டவுன் கொடுத்தார். கடைசி நொடியில் ஆரிகனின் 43 யார்டு உதை வலது பக்கம் விலகிப் போனது. லானிங்கை எல்லாரும் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். பெனிக்ஸிடம் பந்தைத் திருப்பிக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? இந்தியானாவில் இருந்தபோது வலது முழங்கால் தசைநார் இரண்டு முறை கிழிந்து, தோளும் போய், இனி இவ்வளவுதான் என்று பலர் நினைத்த பையன் அவர்.

மூன்றாவது: புல்மனில் அரிசோனா 44, நாங்கள் 6. நான் அரங்கத்தில் இருந்தேன். மூன்றாவது குவார்ட்டரிலேயே மாணவர் பகுதி காலியானது. நான் எழுந்திருக்கவில்லை. இந்த அரங்கத்தில் அரிசோனாவை இனி எப்போது பார்ப்போம் என்று தெரியவில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்ததும் அதற்காகத்தான்.

அக்டோபர் 17

செப்டம்பரில் யூஎஸ்சிதான் குற்றவாளி என்று எழுதினேன். இப்போது அப்படி எழுதமாட்டேன்.

லாரி ஸ்காட் கமிஷனராக (கான்ஃபரன்ஸின் தலைமை நிர்வாகியாக) இருந்தபோது, 2012-இல், பேக்-12 தனக்கென்று ஒரு டிவி நெட்வொர்க் ஆரம்பித்தது. ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் யாரையும் கூட்டுச் சேர்க்காமல் முழுக்கச் சொந்தம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டைரக்டிவி என்கிற பெரிய சேட்டிலைட் டிவி கம்பெனி அதை ஒருநாளும் எடுத்துக்கொள்ளவில்லை. புல்மனில் நான் இருந்த அபார்ட்மெண்ட் கேபிளிலும் அந்தச் சேனல் வராது. நாங்கள் ஐந்து பேர் ஒரு நண்பன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். உள்ளூரில் இருப்பவனுக்கே வராத சேனலுக்கு ஃப்ளோரிடாவில் இருப்பவன் எப்படி ரசிகனாவான்? மற்ற கான்ஃபரன்ஸ்களின் பங்கு வருஷா வருஷம் ஏறியது, நம் பங்கு பின்தங்கியது. அடுத்து வந்த ஜார்ஜ் க்ளியாவ்காஃப் கடைசியில் கொண்டுவந்து வைத்தது ஆப்பிள் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம்: சந்தா சேரச் சேரத்தான் பணம் கூடும். அதற்கு முன்பு டிவிக்காரர்கள் கொடுத்த விலையைப் போதாது என்று திருப்பியவர்கள் பல்கலைக்கழகத் தலைவர்கள். அந்த மேஜையில் எங்கள் தலைவரும் இருந்தார்.

ஆக, யூஎஸ்சி கதவைத் திறந்தது. சுவரில் விரிசல் பத்து வருஷமாக இருந்தது.

நவம்பர் 5

ஐந்தாவது தோல்வி. ஸ்டான்ஃபோர்டுடன் 10-7. எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 12

ஆறாவது. கால் பெர்க்லி 42-39. 4-0 என்று இருந்தவர்கள் 4-6. கேம் வார்டு மேல் பழிபோடுகிறவர்களுக்கு ஒன்று: அந்தப் பையன் எழுந்து நிற்பதற்குள் அடுத்த அடி விழுகிறது. முன்வரிசை தாங்கவில்லை, ஓட்டமும் இல்லை. எறிவதைத் தவிர அவருக்கு வழி இல்லை, அது எதிரிக்கும் தெரியும்.

நவம்பர் 15

நேற்று கோல்ஃபாக்ஸ் கோர்ட்டில் தீர்ப்பு. பேக்-12-இன் நிர்வாகமும் அதன் பணமும் மிச்சமிருக்கும் இரண்டு காலேஜ்கள் கையில், கிளம்புகிற பத்துப் பேருக்கு ஓட்டு கிடையாது என்று தற்காலிக உத்தரவு. மேல்முறையீடு போவார்கள்.

கோல்ஃபாக்ஸ் எந்த ஊர் தெரியுமா? சியாட்டிலிலிருந்து புல்மன் போகும்போது கடைசியாகக் கடக்கிற ஊர். மூவாயிரம் பேர்கூட இல்லை. ஒரு மெயின் ரோடு. லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ வக்கீல்கள் எல்லாரும் கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிற இந்தக் கோர்ட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை.

நவம்பர் 16

"இதுவரை இப்படி நடந்ததே இல்லையா அக்கா?" என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நடந்திருக்கிறது.

வீரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்த விவகாரத்தில் பழைய கான்ஃபரன்ஸ் 1959-இல் கலைந்தது. கால் பெர்க்லி, யூசிஎல்ஏ, யூஎஸ்சி, வாஷிங்டன் நாலும் சேர்ந்து புதிதாக ஒன்று தொடங்கின, ஸ்டான்ஃபோர்டு உடனே சேர்ந்தது. எங்களைக் கூப்பிடவில்லை. 1962-இல்தான் உள்ளே விட்டார்கள். ஆரிகனும் ஆரிகன் ஸ்டேட்டும் வந்தது 1964-இல்.

ஐடஹோவும் அதுவரை கூட இருந்த காலேஜ். அதைக் கடைசிவரை யாரும் கூப்பிடவே இல்லை. ஐடஹோ யுனிவர்சிட்டி இருக்கும் மாஸ்கோ, புல்மனிலிருந்து எட்டு மைல். படிக்கும்போது அரிசி, பருப்பு வாங்க சனிக்கிழமைகளில் அங்கே போவோம். வழியில் அவர்கள் அரங்கம் தெரியும், இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு கடந்துபோவேன். ஒரு காலத்தில் யூஎஸ்சியோடு ஒரே கான்ஃபரன்ஸில் இருந்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு மட்டும் அநியாயம் நடப்பதாக இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அறுபது வருஷமாக ஐடஹோவுக்காக நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. செப்டம்பர் 10 குறிப்பை அழிக்கவில்லை, இதோடு சேர்த்துப் படியுங்கள்.

நவம்பர் 18

கொலராடோவை 56-14. வருகிற சனி ஆப்பிள் கப், எங்களுக்கும் வாஷிங்டனுக்கும் நடக்கும் ஆட்டம், சியாட்டிலில். வாஷிங்டன் இதுவரை தோற்கவில்லை.

நவம்பர் 26

24-21. தோற்றோம்.

வீட்டில்தான் பார்த்தேன். என் மகளுக்கு ஏழு வயது, வகுப்பில் எல்லாரும் ஊதா சட்டை என்பதால் இவளும் ஊதா, வாஷிங்டன் கட்சி. சோபாவின் அந்த ஓரத்தில் அவள், இந்த ஓரத்தில் நான், நடுவில் கூகர் கோல்டு. புல்மன் காலேஜ் பால் பண்ணைச் சீஸ் அது, தகர டப்பாவில்தான் வரும், டப்பா ஓப்பனர் வைத்துத் திறக்க வேண்டும். மிளகைத் தட்டித் தூவிச் சாப்பிடுவோம்.

21-21. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் சொச்சம். வாஷிங்டன் தன் பக்கம் 29-ஆவது யார்டில், நாலாவது டவுன், ஒரு யார்டு வேண்டும். தவறினால் பந்து எங்களுக்கு, கிட்டத்தட்ட உதைக்கிற தூரத்தில். எந்தக் கோச்சும் பந்தை உதைத்து அனுப்பிவிடுவார். வாஷிங்டன் கோச் கேலன் டிபோர் ஆடச் சொன்னார். பந்து ஒடன்சே கைக்கு, ஓரமாகச் சுற்றி ஓடி 23 யார்டு. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் நடுவில் குவிந்திருந்தார்கள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். கடைசி நொடியில் வாஷிங்டனின் க்ரேடி க்ரோஸ் 42 யார்டிலிருந்து உதைத்தது மகள் கத்தின சத்தத்தில்தான் தெரிந்தது.

பிறகு அவளே வந்து, "சாரிம்மா" என்றாள். போனில் வீடியோ காட்டினாள்: உடைமாற்றும் அறையில் டிபோர் அந்த க்ரோஸுக்கு இனி உனக்கு ஸ்காலர்ஷிப் என்று சொல்கிறார், மொத்த டீமும் அவர்மேல் விழுகிறது. அதுவரை சொந்தக் காசில் படித்த பையன். அதைப் பார்த்துக் கோபப்பட என்னால் முடியவில்லை.

எங்கள் சீசன் 5-7.

நவம்பர் 27

2012 ஆப்பிள் கப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், புல்மனில், மாணவர் பகுதியில் இருந்தேன். எங்கள் கோச் மைக் லீச்சின் முதல் வருஷம், அதுவரை இரண்டே வெற்றி. கடைசிக் குவார்ட்டர் தொடங்கும்போது 28-10 என்று பின்னால். ஓவர்டைமில் 31-28. கையுறை இல்லாமல் கைதட்டிக் கைதட்டி விரல் மரத்துப்போனது. திருநெல்வேலியிலிருந்து வந்து அந்த ஊரில் எனக்கு இரண்டாவது குளிர்காலம் அது. பக்கத்தில் பெயர் தெரியாத ஒரு பெண் தன் கையுறையில் ஒன்றைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், மிச்ச ஆட்டத்தை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையோடு பார்த்தோம். எனக்கு இந்த ஆட்டத்தின் விதிகள் பாதிகூட அப்போது தெரியாது. அந்த நாளிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

டிசம்பர் 2

லாஸ் வேகஸ். வாஷிங்டன் 34, ஆரிகன் 31. பேக்-12-இன் கடைசி இறுதி ஆட்டம். வாஷிங்டன் 13-0, ப்ளேஆஃபுக்குப் போகும். ஆரிகன் இந்த சீசனில் தோற்றது இரண்டே ஆட்டம், இரண்டும் வாஷிங்டனிடம், இரண்டும் மூன்று புள்ளியில்.

2024 ஜனவரி 9

ப்ளேஆஃப் அரையிறுதியான ஷுகர் பௌலில் வாஷிங்டன் டெக்ஸாஸை 37-31 என்று ஜெயித்தது. நேற்று ஹூஸ்டனில் இறுதி ஆட்டம், மிச்சிகனிடம் 34-13 என்று தோற்றது. பெனிக்ஸ் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்க்க முடியவில்லை.

டிசம்பரில் இங்கே ஒருவர் கேட்டார்: வாஷிங்டன் ஜெயித்தால் சந்தோஷப்படுவீர்களா? இல்லை என்று பதில் போட்டேன். உண்மை வேறாக இருந்தது. டெக்ஸாஸ் ஆட்டத்தின் கடைசி எறிதல் தரையில் விழுந்தபோது நானும் மகளோடு சேர்ந்து குதித்தேன். பக்கத்து வீட்டுக்காரனோடு வேலிச் சண்டை இருக்கலாம். ஊருக்கு வெளியே அவன் ஆடப் போனால் அவன் நம்ம ஊர்க்காரன்.

ஜனவரி 13

டிபோர் அலபாமாவுக்குப் போய்விட்டார். எங்கள் கேம் வார்டும் மயாமி போகிறாராம். அவரை நான் குறை சொல்லமாட்டேன், கல்லூரிகளே தாவும்போது இருபத்தொரு வயதுப் பையனை மட்டும் இரு என்று எப்படிச் சொல்வது? வாலிபால், பாஸ்கெட்பால் பிள்ளைகளை இரண்டு வருஷத்துக்கு வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்த்திருக்கிறார்கள், ஃபுட்பாலுக்கு மவுண்டன் வெஸ்ட் என்கிற கான்ஃபரன்ஸின் டீம்களோடு ஏற்பாடு. ஏதோ ஆடுவோம்.

2024 செப்டம்பர் 15

எட்டு மாதம் கழித்து வருகிறேன். மூன்று நாள் முன்னாடி, செப்டம்பர் 12, பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட் நாலும் 2026-இல் பேக்-12-க்கு வருவதாக அறிவிப்பு. பெயர் பிழைத்துக்கொண்டது.

நேற்று ஆப்பிள் கப், சியாட்டில் லூமன் ஃபீல்டில். இரண்டும் வேறு வேறு கான்ஃபரன்ஸாகி ஆடும் முதல் ஆட்டம். மகள் ஊதா, நான் சிவப்பு, பக்கத்துப் பக்கத்து இருக்கை. 24-19 என்று நாங்கள் முன்னால். ஒரு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது வாஷிங்டன் எங்கள் கோட்டுக்கு ஒரு யார்டில், நாலாவது டவுன். மறுபடியும் நாலாவது, மறுபடியும் ஒரு யார்டு. இந்த முறை அடுக்களை இல்லை, எங்கே போவது? மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். பந்தை இடது பக்கம் கொண்டுபோனார்கள், ஓரத்தில் இடமே இல்லாத பக்கம். எங்கள் ஆட்கள் போன வருஷம் மாதிரி நடுவில் குவியவில்லை. ஓடியவரைக் கோட்டுக்கு வெளியிலேயே பிடித்துக் கீழே தள்ளினார்கள்.

மகள் அழவில்லை. காருக்கு நடக்கும்போது, "அடுத்த வருஷமும் ரெண்டு பேரும் ஆடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். 2028 வரைக்கும் கையெழுத்தாகியிருக்கிறது என்றேன். "அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு" என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

செப்டம்பர் 17

முதல் கேள்வி கேட்ட டெக்ஸாஸ்காரர் வெள்ளிக்கிழமை சான் ஹோசே ஸ்டேட் ஆட்டத்துக்குப் புல்மன் வருகிறாராம்! வழி: சியாட்டிலிலிருந்து ஐ-90, வான்டேஜில் கொலம்பியா ஆற்றுப் பாலம் தாண்டியதும் வலது பக்கம் 26-ஆம் ரோடு. ஒதெல்லோவில் பெட்ரோல் போட்டுவிடுங்கள், அதற்கப்புறம் வெகுதூரம் ஒன்றும் கிடையாது. கோதுமை அறுத்து முடிந்திருக்கும், குன்றெல்லாம் வெறும் தாள்தான். கோல்ஃபாக்ஸில் வேகத்தைக் குறையுங்கள், போலீஸ் நிற்கும். ராத்திரி குளிரும், இரண்டு கையுறை கொண்டுவாருங்கள்.